பீப்பாவில் ஊற்றிய மூன்று வாளி

புதிதாக வாடகைக் கார் ஓட வந்திருக்கும் தம்பிமாருக்கு,

நீங்கள் என்னிடம் வந்து கேட்பதெல்லாம் ஓட்டத்தைப் பற்றிய கேள்விகள். கைதடி வீதியில் எதிரே பஸ் வந்தால் எந்தப் பக்கம் ஒதுங்குவது, பிறேக் பிடிக்காவிட்டால் என்ன செய்வது, இரவில் மாடு குறுக்கே படுத்திருந்தால் ஹோர்ன் அடிப்பதா இறங்கித் துரத்துவதா. இதற்கெல்லாம் வாயால் பதில் சொல்லிப் பயனில்லை. ஆறு மாதம் ஓடினால் உங்கள் காலே படித்துக்கொள்ளும். காரை எப்படிக் கழுவுவது என்று மட்டும் இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. அதில் என்ன இருக்கிறது, தண்ணீர் ஊற்றித் துடைப்பதுதானே என்று நினைக்கிறீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். என் வேலை ஒருமுறை போகப் பார்த்தது. ஓட்டத்தால் அல்ல, கழுவியதால். அதைத்தான் எழுதப் போகிறேன்.

நான் மயிலிட்டிக்காரன். அப்பாவும் அண்ணைமாரும் கடலுக்குப் போகிறவர்கள். எனக்கோ வள்ளத்தில் கால் வைத்தால் குடல் வாய்க்கு வந்துவிடும். கடற்கரைக் குடும்பத்தில் அப்படி ஒரு பிள்ளை பிறந்தால் அவனை வைத்து என்ன செய்வது? லொறியில் கிளீனராக ஏற்றிவிட்டார்கள். அங்கேயே ஓடப் பழகி, லைசென்ஸ் எடுத்து, அறுபதுகளின் கடைசியில் ஒரு முதலாளியின் வாடகைக் காருக்கு வந்து சேர்ந்தேன். நாலு கதவுள்ள கறுப்புக் கார். கண்ணாடி மாதிரி முகம் தெரியும்.

முதலாளி சாவகச்சேரிக்காரர். இருபது வருஷம் தானே ஓடியவர். இடுப்பில் வருத்தம் வந்தபிறகுதான் காரை யாழ்ப்பாணப் பட்டணத்தில் ஓடவிட ஆள் தேடினார். எனக்கு மூன்று மாதம் ஓடிக் காட்டத் தவணை தந்தார். அந்த மூன்று மாதம் முடியும் கிழமையில் ஒரு கலியாண ஓட்டம் வந்தது. மாப்பிள்ளை வீடு கோப்பாயில், பெண் வீடு சாவகச்சேரியில். பெண் முதலாளிக்குக் கிட்டின சொந்தம். மாப்பிள்ளை ஏறும் கார் எங்கள் கார்தான். அந்தக் கலியாணத்தன்று காரைப் பார்த்துவிட்டு, நான் நிற்பதா போவதா என்று சொல்வதாக முதலாளி சொல்லியிருந்தார். போனால் திரும்பவும் லொறிதான். எனக்கு அப்போது இருபத்தாறு வயது, வீட்டில் பெண் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். லொறி கிளீனருக்கு ஒரு மாதிரிப் பெண், கார் டிறைவருக்கு வேறு மாதிரிப் பெண். சிரிக்காதீர்கள், இன்றைக்கும் அப்படித்தான்.

நான் குடியிருந்தது குருநகர்ப் பக்கம் ஒரு மாடிக் கட்டடத்தில். கீழே நாலு குடும்பம், மேலே நாலு குடும்பம். எனக்கு மேலே ஒரு அறையும் ஒரு யன்னலும். மாடியில் இருப்பவன் கார் வைத்திருந்தால் வருகிற கரைச்சல் காணி உள்ளவனுக்குத் தெரியாது. கார் நிற்பது எட்டுக் குடும்பத்துக்கும் பொதுவான முற்றத்தில். மேலே கொடியில் ஈர உடுப்புத் தொங்கும், காரின் முன்மூடியான பொனற்றில் சொட்டும். நீங்கள் சவர்க்காரம் போட்டுக் கழுவினால் அந்தத் தண்ணீர் யாரோ ஒருவரின் வாசற்படிக்குத்தான் ஓடும். அங்கே அவர்கள் கருவாடு காயப்போட்டிருப்பார்கள். ஒவ்வொரு முறையும் சிரித்த முகத்தோடு நாலு பேரிடம் கேட்டுவிட்டுத்தான் வாளியைத் தூக்க வேண்டும்.

கிணறும் ஒன்றுதான். அதற்கு ஒரு முறை இருந்தது. விடியப் பெண்கள் குளிப்பதும் தோய்ப்பதும். பின்னேரம் கடலால் வந்த ஆண்கள். நடுப்பகல் பன்னிரண்டுக்கும் இரண்டுக்கும் இடையில்தான் கிணற்றடி வெறுமையாக இருக்கும். யாரும் எழுதி ஒட்டவில்லை, எல்லாருக்கும் தெரியும். ஆகவே என் கார் எப்போதும் உச்சி வெயிலில்தான் குளித்தது. போதாக்குறைக்கு அது உவர்த் தண்ணீர்க் கிணறு. குளிக்கலாம், தோய்க்கலாம், குடிக்க முடியாது. குடிக்க நல்ல தண்ணீர் மாட்டுவண்டிலில் வரும். வீட்டுக்கு வீடு படிக்குக் கீழே ஒரு சின்ன மரப்பீப்பா இருக்கும், ஏழெட்டு வாளி கொள்ளும். எனக்குப் பீப்பா இல்லை. தனி ஆள், தேத்தண்ணீர்க் கடையிலேயே என் தாகம் தீர்ந்துவிடும்.

கலியாணம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆவணி மாதம், மழை கண்டு எத்தனையோ மாதம். கிணற்றில் தண்ணீர் அடிக்குப் போயிருந்தது. அடிக்குப் போகப் போக உப்புக் கூடும். சனிக்கிழமை மதியம் நான் அள்ளி அள்ளி ஊற்றினேன். சவர்க்காரம் போட்டுத் தேய்த்து, திரும்பவும் ஊற்றி, ஆறுதலாக ஒரு சிகரெட் பற்றவைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தால் கார் முழுவதும் வெள்ளைப் புள்ளி. வெயிலில் தண்ணீர் பறந்துவிட்டது, உப்பு இருந்துவிட்டது. கறுப்புக் காரில் அது எப்படித் தெரியும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அங்கே நான் முதல் மடைத்தனம் செய்தேன். காய்ந்த சீலையை எடுத்து அழுத்தித் துடைத்தேன். சரசரவென்று ஒரு சத்தம் வந்தது. கையை எடுத்துப் பார்த்தேன், பொனற்றில் மயிர் மயிராகக் கீறல். உப்புக் காற்றில் பிறந்து வளர்ந்தவனுக்கு உப்பின் குணம் தெரியவில்லை பாருங்கள். இனி நல்ல தண்ணீர் ஊற்றி உப்பைக் கரைத்து எடுத்தால்தான் உண்டு, அதன்மேல் மெழுகு பூசினால் கீறல் மறையும் என்று பட்டது.

என் அறைக்கு நேர் கீழே ஒரு கடற்றொழிலாளி குடும்பம் இருந்தது, கத்தோலிக்கர்கள். அந்த வீட்டு அக்கா நல்ல மனுசி. என் கார்த் தண்ணீர் தன் வாசலுக்கு வந்தாலும் விளக்குமாற்றால் தள்ளிவிட்டுப் பேசாமல் போவார். அன்று மதியம் அவர் வீடு பூட்டிக் கிடந்தது. படிக்குக் கீழே அவருடைய பீப்பா நின்றது. பலகை மூடியைத் தூக்கினேன், கழுத்து மட்டத்துக்கு நல்ல தண்ணீர். சுற்றிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. மூன்று வாளி அள்ளினேன்.

உப்பு போய்விட்டது. கார் திரும்பவும் கறுத்து மினுங்கியது. ஆனால் பீப்பாவை எட்டிப் பார்த்தபோது பள்ளம் தெரிந்தது. அதைப் பார்த்ததும் எனக்குப் பயம் வந்தது. கிணற்றில் மூன்று வாளி அள்ளிவந்து அதற்குள் ஊற்றி, பழைய மட்டத்துக்குக் கொண்டுவந்து, மூடியை முன்பிருந்த மாதிரியே சரித்து வைத்தேன். நாளைக்கு வண்டில் வந்து நிரப்பும், யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? வண்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் வருவதில்லை என்பதுகூட எனக்குத் தெரியாது. பிறகு மெழுகு டின்னைத் திறந்தேன். கீறல் தெரியக்கூடாதென்று பாணுக்குப் பட்டர் பூசுவதுபோல் தடிப்பாகப் பூசினேன். பூசி முடியும்போது இருட்டிவிட்டது. இரவு காயட்டும், விடியத் துடைத்து மினுக்கலாம் என்று படுத்தேன். நல்ல நித்திரை வந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

விடிய ஆறு மணிக்கு மெழுகு துடைக்கும் சீலையோடு இறங்கி வந்தேன். எட்டு மணிக்குக் கோப்பாயில் நிற்க வேண்டும். கீழ்வீட்டு அக்கா முற்றத்தில் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் பெரிய பானை. கோயிலுக்குப் போகவில்லையா என்று சும்மா கேட்டேன். அவர் முகமெல்லாம் சிரிப்பாக, தங்கச்சிக்குப் பெண்பிள்ளை பிறந்திருக்கிறது, ஆஸ்பத்திரியிலிருந்து ஒன்பது மணிக்கு இங்கேதான் கூட்டிவருகிறார்கள், நேற்றும் அங்கேதான் நின்றேன் என்றார். பிள்ளையைக் குளிப்பாட்டவும் தாய்க்கு மிளகு சீரகம் போட்ட சரக்குத் தண்ணீர் வைக்கவும் வண்டில்காரனிடம் சொல்லி முதல்நாளே பீப்பாவை முட்ட நிரப்பி வைத்திருப்பதாகவும் சொன்னார். சொல்லிக்கொண்டே செம்பை எடுத்துக்கொண்டு பீப்பாவை நோக்கி நடந்தார்.

தம்பிமாரே, அந்த நேரத்தில் எனக்கு வந்தது இரக்கம் இல்லை. முதலில் வந்தது கோபம். இந்த மனுசி இன்றைக்குப் பார்த்தா பிள்ளையைக் கூட்டிவர வேண்டும் என்று ஒரு கோபம். அடுத்ததாக வந்தது ஒரு யோசனை: பேசாமல் காரை எடுத்துக்கொண்டு போய்விடு, உப்புக் கரித்தால் வண்டில்காரனைத்தான் ஏசுவார்கள். அந்த யோசனை என்னிடம் எவ்வளவு நேரம் நின்றது என்று தெரியாது. அவர் மூடியைத் தூக்கும் மட்டும் நின்றது.

"அக்கா, அதை எடுக்காதேங்கோ. நான் அதுக்குள்ளை கிணத்துத் தண்ணி ஊத்திப்போட்டன்."

அவர் விளங்காமல் பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கையை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். பிறகு செம்பைக் கீழே வைத்தார். ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"எடுத்தது பரவாயில்லை, தம்பி. கேட்டிருந்தா நானே அள்ளித் தந்திருப்பன். நீ மூண்டு வாளி எடுத்தாலும் எனக்கு அஞ்சு வாளி நல்ல தண்ணி மிஞ்சியிருக்கும். நீ ஊத்தினபடியாலை இப்ப எனக்கு ஒரு செம்பும் இல்லை."

இதைவிடத் தெளிவாக யாரும் என் பிழையை எனக்குச் சொன்னதில்லை. எடுத்தது அவசரத்தில் செய்த பிழை. ஊற்றியது அதை மறைக்கச் செய்தது. முதலாவது மூன்று வாளியோடு நின்றிருக்கும். இரண்டாவதுதான் பீப்பா முழுவதையும் கெடுத்தது.

மற்ற வீடுகளில் கேட்கலாம் என்றால், ஞாயிறு விடியற்காலை எல்லாப் பீப்பாவும் அடியில்தான் இருக்கும். பக்கத்தில் இருந்த நல்ல தண்ணீர்க் கிணறு கோடையில் சேறாகிவிட்டது. எனக்குத் தெரிந்த ஒரே இடம் கோப்பாய். முதல்நாள் மாப்பிள்ளை வீட்டை அறிந்து வரப் போனபோது வழியில் ஒரு தோட்டத்தில் மெசின் போட்டுத் தண்ணீர் இறைப்பதைக் கண்டிருந்தேன். போய், அள்ளி, திரும்பிவந்து, பிறகும் கோப்பாய்க்குப் போக வேண்டும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். மெழுகு துடைக்க நேரம் இல்லை. அதைச் செய்தால் இது இல்லை, இதைச் செய்தால் அது இல்லை. அக்காவிடம் குடங்களைத் தரச் சொன்னேன். அவர் ஒரு கணம் காரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு உள்ளே போய் நாலு குடமும் வாய் கட்டச் சீலையும் கொண்டுவந்தார்.

தோட்டக்காரர் என் கதையைக் கேட்டுவிட்டு மெசின் வாயில் குடத்தைப் பிடித்தார். மிளகாய்க் கன்றுக்குப் போன தண்ணீர் வாய்க்காலை உடைத்து தோட்டத்து ஒழுங்கைப் பாதை முழுவதும் சேறாக்கியிருந்தது. கோப்பாய்ச் செம்மண்ணை உங்களுக்குத் தெரியும். மட்காட் இரண்டும் சிவந்துவிட்டன. பின் சீற்றில் குடங்கள் தளும்பாமல் இருக்க மெல்ல மெல்லத்தான் வரலாம். மெல்ல வந்ததில் எனக்கு முன்னே போன லொறியின் புழுதி முழுவதையும் என் கார்தான் வாங்கிக்கொண்டது. துடைக்காத மெழுகு பசைபோல் இருக்கும். விழுந்த தூசு ஒவ்வொன்றும் ஒட்டிக்கொண்டது. வீட்டு வாசலில் குடங்களை இறக்கியபோது ஏழே முக்கால். அக்கா அடுப்பில் பானையை ஏற்றிக்கொண்டே என்னைப் பார்க்காமல், "கெதியாப் போ, நேரம் போகுது" என்றார்.

மாப்பிள்ளை வீட்டுக்குக் கால் மணித்தியாலம் பிந்திப் போனேன். வாசல் படலையடியில் சனம் நின்றது; காரைக் கண்டதும் மேளக்காரர்கூட வாசிப்பதை ஒரு கணம் நிறுத்திவிட்டார். மாப்பிள்ளைத் தோழன் சுற்றிவந்து பார்த்துவிட்டு, கார் தோட்டம் கொத்திப்போட்டு வந்ததோ என்று கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு நிலம் பிளந்து விழுங்கினால் நல்லது போலிருந்தது. கண்ணாடிகளை மட்டும் துடைத்தேன். பின் சீற்றின் ஈரத்துக்குமேல் பாய் போட்டேன். மாப்பிள்ளையின் பட்டு வேட்டி கதவில் முட்டாமல் என் புதுச் சால்வையைக் கதவடியில் விரித்துப் பிடித்தேன். மாப்பிள்ளை நல்ல பொடியன். ஏறும்போது, முகூர்த்தம் தவறாமல் கொண்டுபோனால் போதும் என்றார். தவறாமல் கொண்டுபோனேன்.

சாவகச்சேரியில் பெண் வீட்டுப் பந்தலடியில் முதலாளி பொல்லை ஊன்றிக்கொண்டு நின்றார். காரைச் சுற்றி ஒரு முறை நடந்தார். பொனற்றில் விரலால் ஒரு கோடு இழுத்தார். சபையில் வைத்து ஏசுகிறவர் அல்ல அவர். தாலி கட்டி, சனம் சாப்பிட்டு, வெற்றிலை போடும் மட்டும் நான் பந்தலுக்கு வெளியே நின்றேன். எனக்கும் இலை போட்டார்கள். இருந்தேன், பாதிச் சோற்றோடு இலையை மடித்துவிட்டு எழும்பினேன்.

மத்தியானம் சாய்ந்தபிறகு முதலாளி வெளியே வந்தார். என்ன நடந்தது என்று கேட்டார். வழி முழுவதும் ஒரு பொய்யைத் தயார் பண்ணி வைத்திருந்தேன், ரயர் காற்றுப் போய் ஒழுங்கைக்குள் இறங்கினேன் என்று. நல்ல பொய், பிடிபடாது. ஆனால் ஒரு முறை மூடி வைத்ததால் விடியப் பட்ட பாடு போதும் என்றிருந்தது. கிணறு, உப்பு, கீறல், பீப்பா எல்லாவற்றையும் சொன்னேன். பிள்ளைக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்ததைப் பெரிதாகச் சொல்லி, ஊற்றியதைச் சின்னதாகச் சொல்லப் பார்த்தேன். அவர் விடவில்லை. அந்த இடத்திலேயே பிடித்தார்.

"கீறினதுக்கும் ஊத்தையாக் கொண்டுவந்ததுக்கும் நான் ஒண்டும் சொல்லமாட்டன். அயலட்டைப் பீப்பாவிலை உவர்த் தண்ணி ஊத்தி மூடினவன் என்ரை ரேடியேற்றரிலையும் ஊத்துவான். அதுதான் என்ரை பயம்."

இங்கே கொஞ்சம் நிற்கிறேன். உங்களுக்கும் தெரியும், கார் ஸ்ராண்டில் நிற்கும்போது ரேடியேற்றர் கொதித்தால் நல்ல தண்ணீர் தேடி யார் போவது? கிட்ட இருக்கிற கிணற்றில் அள்ளி ஊற்றுவோம். உப்பு உள்ளிருந்து குழாய்களைத் தின்னும். இரண்டு வருஷம் கழித்து ஓட்டை விழும்போது டிறைவர் வேறு ஆளாக இருப்பான். வெளியே பூசிய மெழுகை முதலாளி பார்ப்பார். உள்ளே இருப்பதை யாரும் பார்ப்பதில்லை. அவர் என்னிடம் கேள்வி கேட்கவில்லை. நான் தலையைக் குனிந்து, இனிமேல் பார்த்து நடக்கிறேன் என்று சொன்னால் போதும்.

"ஊத்தியிருக்கிறன், ஐயா. இரண்டு தரம்" என்றேன்.

அவர் பொல்லைக் காரில் சாய்த்துவிட்டு, தானே பொனற்றைத் திறந்தார். காலையிலிருந்து நின்ற கார், சூடு ஆறியிருந்தது. ரேடியேற்றர் மூடியைத் திருகி எடுத்து, விரலை நனைத்து நாக்கில் வைத்தார். துப்பினார். கையைத் தன் வெள்ளை வேட்டியிலேயே துடைத்தார். நான் சாவிக்கொத்தோடு காரின் திறப்பை எடுத்து நீட்டினேன். கேட்டு வாங்கும் நிலையை அவருக்கு வைக்க வேண்டாம் என்று நினைத்தேன். லொறிக்காரரை நாளைக்கே போய்ப் பார்க்கலாம் என்றும் மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன்.

அவர் திறப்பை வாங்கவில்லை.

"நாளைக்கு ரேடியேற்றரை முழுக்கத் திறந்து விட்டுப்போட்டு, மூண்டு நாலு தரம் அலசி, நல்ல தண்ணி விடு. நான் வந்து பாக்கமாட்டன்."

அவ்வளவுதான். பொல்லை எடுத்துக்கொண்டு பந்தலுக்குள் போய்விட்டார். வெறும் காரோடு திரும்பி வரும் வழியில் காரை ஓரமாக நிறுத்திவிட்டு அழுதேன். வேலை போய்விட்டது என்று நினைத்தபோது வராத அழுகை அது.

அந்தக் கார் ஒன்பது வருஷம் என் கையில் இருந்தது. அதில் ஒரு நாளாவது அவர் பொனற்றைத் திறந்து பார்த்ததில்லை. அதனால்தான் நான் ஒவ்வொரு நாளும் விடியத் திறந்து பார்த்தேன்.